உங்க கூடு, உங்க கை

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு நான் வைத்திருக்கும் பெயர் வீச்சு மன்னர். மனதுக்குள் மட்டும்தான். வாயைத் திறந்தால் "அண்ணா" என்று பவ்யமாகத்தான் வரும். என் நாத்தனாரின் வீட்டுக்காரர் அவர். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நன்றாக நடந்து உள்ளே போகிறவனுக்குக்கூட முதுகுவலி இருப்பதாக நம்பவைத்து, மெத்தையை அவன் தலையில் கட்டிவிடுகிற வாய் அது. அந்த வாய் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்க வந்தால் என்ன ஆகும்? மீன் வருகிறதோ இல்லையோ, கதை நிறைய வரும்.

ஏரியில் என் மாமனாருக்கு ஒரு படகு இருக்கிறது. மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டு இறங்கினாரே தவிர விசிலை விடவில்லை. இன்னும் கழுத்தில் தொங்குகிறது. அவர் ஊதாமல் படகு நகராது, சாப்பாட்டுப் பையைக்கூடத் திறக்கக் கூடாது. படகில் மொத்தம் மூன்று சீட். பின் சீட் மாமனாருக்கு. நடு சீட்டில் என் வீட்டுக்காரர், துடுப்பு போடுவதற்கு. முன் சீட்டில் வீச்சு மன்னர், காலை அகட்டி வைத்துக்கொண்டு, ஏரியையே கிரயம் பண்ணி வாங்கினவர் மாதிரி.

நானும் நாத்தனாரும் கரையில், மரத்தடியில். நாத்தனாருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பாயை விரித்துப் படுத்தால் மத்தியானம் வரை அசைய மாட்டார். எனக்குத்தான் வேலை. சிக்கெடுக்கிற வேலை.

அது என்ன சிக்கு என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வைத்திருப்பது பெய்ட்காஸ்டர் என்கிற வகை ரீல். தூண்டிலை வீசும்போது நைலான் நரம்பு சுற்றியிருக்கும் உருளையே கிறுகிறுவென்று சுழலும். நரம்பின் நுனியில் கட்டி வீசின ஈயக்குண்டு காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கி, காக்கை கட்டின கூடு மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க வீசுகிறவரின் கட்டைவிரல் உருளையின் மேல் பட்டும் படாமல் இருக்க வேண்டும். அழுத்தினால் குண்டு காலடியிலேயே விழும். விட்டுவிட்டால் கூடு.

வீச்சு மன்னரின் கட்டைவிரல், மெத்தை விற்ற பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பயன்படுவது. ஓங்கி வீசுவார், தூரமாகப் போகும், "பாத்தீங்களா மாமா!" என்பார், ரீலுக்குள் நரம்பு பொங்கும். உடனே படகு கரைப்பக்கம் வரும்.

"தங்கச்சி! கூடு!"

சிக்கான ரீலை என் மடியில் போடுவார். நான் ஏற்கெனவே சிக்கெடுத்து வைத்திருக்கும் இன்னொரு ரீலை எடுத்துக்கொண்டு போவார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று கூடு கட்டும்போது மற்றொன்று என் மடியில் தயாராகும். மாமனாரும் சும்மா சொல்லக் கூடாது, அவர் பங்குக்கு அவரும் கட்டுவார். ஆனால் அவர் கத்த மாட்டார். விசிலை ஒரு தடவை மெதுவாக ஊதி ரீலை நீட்டுவார், அவ்வளவுதான் மரியாதை.

நான் தையல்காரி. வாரம் முழுக்கக் கடையில் நூலோடு மல்லுக்கட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமையும் நூலோடுதான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நாலு வருஷமாக அந்த ஏரியின் நடுத்தண்ணீரை நான் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். காலை வெயிலில் அது பளபளக்கும்போது எனக்குத் தொண்டை வரைக்கும் ஆசை வரும். ஒரே ஒரு நாள் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் சிக்கெடுக்காமல், என் கையால் வீச வேண்டும். கேட்டால் என்ன பெரிய சொத்தா கேட்கிறேன்?

கேட்டேன். ஒரு ஞாயிறு, மூவரும் சாப்பிடக் கரைக்கு வந்தபோது கேட்டே விட்டேன்.

"அண்ணா, அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை நான் முன்னாடி உக்காரட்டுமா?"

வீச்சு மன்னர் சிரித்தார். வாயில் ரொட்டி இருந்தது. அது தெரிகிற மாதிரி சிரித்தார்.

"ஊசியில நூல் கோக்கறது வேற, இது வேற தங்கச்சி. இதுக்குக் கட்டைவிரல் பேசணும். நீ சிக்கெடுக்கறதுல கெட்டிக்காரி, அதையே பண்ணும்மா. உன்ன மாதிரி யாருக்கு வரும்?"

புகழ்கிற மாதிரி ஒரு குத்து. எனக்கு உச்சந்தலை சுட்டது. நாத்தனார்கூடப் பாயிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கட்டைவிரல் என்கிட்டயும் ரெண்டு இருக்கு அண்ணா," என்றேன். "வேணும்னா போட்டி வெச்சுப் பாத்துடலாம். யாரு நல்லா வீசறாங்களோ அவங்களுக்கு முன் சீட்டு. இந்த வருஷம் முழுக்க."

என் வீட்டுக்காரர் துடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். மாமனாருக்குக் கண் மின்னியது. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவர் தீர்ப்பு சொல்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை, பாவம். விசிலை ஊதிவிட்டுச் சொன்னார்.

"சரி. அடுத்த மாசம் முதல் ஞாயிறு. தண்ணியில துணி ஊற வெக்கற ஒரு பிளாஸ்டிக் டப்ப மிதக்க விடுவோம். கரையில நின்னு வீசணும். டப்புக்குள்ள யாரு குண்டு அதிகமா விழுதோ அவங்களுக்கு முன் சீட்டு. என்ன மாப்பிள்ளை?"

"எனக்கென்ன மாமா? தங்கச்சி ஆசப்படுது, வெளையாடட்டும்."

விளையாடட்டுமாம். இருக்கட்டும்.

என்னிடம் ஒரு ரீல் இருந்தது. வீச்சு மன்னர் போன வருஷம் "செத்துப் போச்சு" என்று குப்பைத் தொட்டியில் வீசினது. செத்தெல்லாம் போகவில்லை, உள்ளே நரம்பு இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான். எடுத்து வந்து ஊசியால் நெம்பி, துடைத்து, எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். ஒரு பழைய தூண்டில் கம்பையும் என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து என்று கேட்டதற்கு, "அத்தான் வண்டியில இருந்துச்சு, அவர் தேட மாட்டார்" என்றார். அவருடைய அத்தான் வேறு யார், வீச்சு மன்னர்தான். அப்போதுதான் தெரிந்தது, இவர் என் பக்கம் என்று.

என் கடை இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் செருகினது போல ஒடுங்கலாக, நீளமாக இருக்கும். முன்னால் வாடிக்கையாளர் நிற்கிற இடம், அப்புறம் இரண்டு மிஷின், வெட்டுகிற மேசை, இஸ்திரி மேசை, கடைசியில் துணி மாட்டிப் பார்க்கிற தலையில்லாத பொம்மை. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கொக்கியைக் கழற்றி ஈயக்குண்டை மட்டும் மாட்டி, பொம்மையின் காலடியில் வெட்டுத்துணிக் கூடையை வைத்து, முதல் தடவையாக வீசினேன்.

குண்டு கூடைப்பக்கமே போகவில்லை. நேராக மேலே போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் போய்ச் சேர்ந்தது. அடக்கடவுளே! விசிறி நரம்பைச் சுற்றிக்கொண்டே இழுத்தது, கம்பு என் கையை விட்டுக் கிளம்பப் பார்த்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஸ்டூல் மேல் ஏறி நின்று விசிறிக்குச் சிக்கெடுத்தேன்.

மறுநாள் விசிறியை அணைத்துவிட்டு வீசினேன். குண்டு பொம்மையின் மார்பில் பட்டு, அதற்கு மாட்டியிருந்த ஒரு கல்யாணக் கவுனின் முத்துகளைத் தெறிக்கவிட்டது. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். வங்கியில் மேனேஜராக இருக்கிற அம்மாள் ஒருவர், என் நெடுநாள் வாடிக்கையாளர், பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. கம்பைப் பின்னால் கொண்டுபோன வேகத்தில் ஈயக்குண்டு அவருடைய திறந்த கைப்பைக்குள் விழுந்தது. அப்படியே நான் முன்னால் வீசியிருந்தால் அந்தப் பை கூடையில் போய் உட்கார்ந்திருக்கும்.

"என்னம்மா பண்ற?" என்றார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"அளவெடுக்கறேன் மேடம்," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் குண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நான் நாளைக்கு வரேன்," என்று போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை அழுத்துவதுதான் அவர் பிழைப்பு. ஸ்டீயரிங்கைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் பிரேக்கில் மனிதர் புலி. வீட்டில் டிவியில் கார் ஓடினால்கூட அவர் கால் தரையை அழுத்தும்.

"அந்த ரீல்ல பிரேக் திருகு இருக்குல்ல, அத எவ்வளவு வெச்சிருக்க?" என்றார்.

"அண்ணா வெச்சிருந்த மாதிரியே. முழுசா தெறந்து."

"அவர் தூரமா போகணும்னு தெறந்து வெப்பாரு. புதுசா வர்றவங்களுக்கு நான் மொத நாளே ஹைவே காட்டுவனா? முழு பிரேக் போட்டு ஆரம்பி. கை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமா விடு."

சாதாரணமாக அவர் சொல்வதை நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவேன். இதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த ரீலில் இன்னொரு திருகும் இருந்தது, பக்கவாட்டில், உருளையை இறுக்குவதற்கு. அதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தையல் மிஷினில் பாபின் இருக்கும் சின்ன டப்பியை, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறிப் பார்ப்போம். கொஞ்சம் இறங்கி நின்றால் இறுக்கம் சரி. கடகடவென்று தரைக்குப் போனால் தளர்வு. அசையவே இல்லை என்றால் நூல் அறும். அதே கதைதான் இங்கேயும். கம்பை நீட்டி, பட்டனை அமுக்கிக் குண்டை இறங்கவிட்டேன். மெதுவாக இறங்கி, குண்டு தரையைத் தொட்ட கணத்தில் உருளையும் நின்றது. அட, இவ்வளவுதானா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு கூடு கட்டுவது பாதியாகக் குறைந்தது. ஆனால் குண்டு போகிற திசைதான் ஒத்துழைக்கவில்லை. எத்தனை முறை வீசினாலும் கூடைக்கு வலப்பக்கமே போய் விழுந்தது, இஸ்திரி மேசைக்கு அடியில். கண்ணை மாற்றிப் பார்த்தேன், கையை மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம். பல்லைக் கடித்துக்கொண்டு வீசினால் இன்னும் வலப்பக்கம் போனது. ஒருநாள் ஆத்திரத்தில் அந்த ரீலை, செய்தவனை, விற்றவனை, வீச்சு மன்னரை எல்லாரையும் சேர்த்துக் கரித்துக்கொட்டினேன்.

ஷட்டருக்கு அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார்.

"நீ வீசறப்ப எதுக்குக் கால அமுக்கற?"

"எந்தக் கால?"

"வலது கால். ஒவ்வொரு தடவையும் தொம்முனு அமுக்கற. மிஷின் ஓட்டற மாதிரி."

உண்மைதான். இருபது வருஷமாகக் கை வேலை செய்கிற போதெல்லாம் என் வலது கால் பெடலை அமுக்கியிருக்கிறது. கை முன்னால் போனால் கால் கீழே போகும். கால் அமுங்கினால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் கம்பு வலப்பக்கம் போகும். வேறு எந்த மீன்பிடிக்கிற ஆளுக்கும் வராத வியாதி!

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றேன் கோபத்தோடு. "நான் வீசறப்பல்லாம் உங்க காலும்தான் அமுங்குது."

குனிந்து பார்த்தார். அவர் செருப்பு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மருந்தும் கடையிலேயே இருந்தது. துணியில் கோடு போடுகிற மெல்லிய சாக்குக்கட்டி ஒன்றை வலது பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு வீசினேன். அமுக்கினால் நொறுங்கும். முதல் நாள் ஒரு டப்பா சாக்குக்கட்டியும் பொடியாகிவிட்டது. கடை முழுக்க என் வெள்ளைக் கால்தடம். பிறகு பிறகு குறைந்தது. கல் எறிகிற மாதிரி வெடுக்கென்று இழுக்காமல், கம்பு வளைந்து தானாகத் தள்ளுகிற வரை காத்திருக்கக் கை பழகியது. கட்டைவிரல் உருளையை முத்தம் கொடுக்கிற அளவுக்குத் தொட்டு, குண்டு இறங்குகிற நேரம் அழுத்தி நிறுத்தக் கற்றது. ஒருநாள் குண்டு தொடர்ந்து கூடைக்குள்ளேயே விழுந்தது. சாக்குக்கட்டி முழுசாக இருந்தது. பொம்மைக்குத் தலை இருந்திருந்தால் ஆட்டியிருக்கும்.

இருந்தாலும் எனக்குத் தெரியாதா? வீச்சு மன்னர் வருஷக்கணக்காக வீசுகிறவர். பாதி நாள் கூடு கட்டினாலும் மீதிப் பாதி நாள் நன்றாகத்தான் வீசுவார். வெறும் வீச்சில் அவரை ஜெயிப்பது கஷ்டம். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

போட்டி நாளும் வந்தது. டப்பு தண்ணீரில் மிதந்தது, நகராமல் இருக்கக் கயிற்றில் கல் கட்டியிருந்தார்கள். வீச்சு மன்னர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாக்கெட்டு பாக்கெட்டாக ஒரு சட்டை. மாமனார் சட்டையை இஸ்திரி போட்டு, ரயில் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார்.

"ஆளுக்கு எத்தன வீச்சு மாமா?" என்றார் வீச்சு மன்னர்.

"மாமா," என்றேன் நான், மிகவும் அடக்கமாக, "வீச்ச எண்ண வேணாமே. நீங்க விசில் அடிச்சா ஆரம்பம், பத்து நிமிஷம் கழிச்சு விசில் அடிச்சா முடிவு. நடுவுல எத்தன வேணா வீசலாம். ஆளுக்கு ஒரே ரீல். ஒரே ஒரு விதி. அவங்கவங்க கூட்ட அவங்கவங்களேதான் எடுக்கணும்."

விசிலும் கடிகாரமும் சேர்ந்த போட்டியை எந்தக் கார்டு வேண்டாம் என்பார்? மாமனார் பூரித்துப்போனார்.

"மாப்பிள்ளை, சம்மதமா?"

"கூடு கட்டினாத்தானே மாமா?" என்றார் வீச்சு மன்னர்.

அவர் இந்த ஒரு வரியில் சீட்டைக் கோட்டை விட்டார். அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் செருப்புக்குள் ஒரு சாக்குக்கட்டியைச் செருகிக்கொண்டேன். விசில் ஊதியது.

சும்மா சொல்லக் கூடாது, வீச்சு மன்னரின் முதல் வீச்சு அழகு. குண்டு டப்புக்குள் டொம்மென்று விழுந்தது. என்னுடையது டப்புக்கு முன்னால் தண்ணீரில். அவருடைய இரண்டாவதும் உள்ளே. என்னுடையது டப்பைத் தாண்டி. கடைக்குள் காற்று இல்லை, இங்கே இருந்தது. இந்த மனுஷன் இன்று பார்த்துக் கூடே கட்டவில்லை என்றால்? வருஷம் முழுக்க மரத்தடி, வருஷம் முழுக்க மடியில் சிக்கு, அதோடு "ஆசப்பட்டுச்சு, பாவம்" என்ற கதையும் கேட்க வேண்டும்.

அப்போது காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. எதிர்க்காற்றில் வீச்சு மன்னர் என்ன செய்வார் என்பது நாலு வருஷமாக எனக்கு மனப்பாடம். இன்னும் ஓங்கி வீசுவார். வீசினார். குண்டு பாதி வழியில் காற்றில் தொங்கி நின்றது. ரீலுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

அவர் கண் டப்பின் மேலேயே இருந்தது. கை மட்டும் தானாக ரீலோடு பின்னால் நீண்டது.

"தங்கச்சி! கூடு!"

தங்கச்சி அவருக்குப் பக்கத்தில் நின்று கம்பைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றேன். "உங்க கூடு, உங்க கை."

மரத்தடிப் பாயில் நாத்தனார் எழுந்து உட்கார்ந்தார். வீச்சு மன்னர் முகத்தில் ஈயாடவில்லை. ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ வழியில் கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் பார்க்கிற மாதிரி. பிறகு நீட்டிக்கொண்டிருந்த ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தார். இழுக்கலாமா? இழுத்தால் இறுகும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் ஒரு கூட்டைக்கூட அவர் தொட்டதில்லை, நான் விட்டதில்லை.

நான் வீசினேன். வெளியே. வீசினேன். உள்ளே! இன்னொன்று டப்பின் விளிம்பில் பட்டு, ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது. இரண்டுக்கு இரண்டு. வீச்சு மன்னர் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கத்திரிக்கோல் வெச்சு வெட்டிக்கலாமா?"

"தாராளமா வெட்டுங்க மாப்பிள்ளை. விதியில தடையில்ல."

வெட்டினார். வெட்ட வெட்ட நரம்பு குறைந்து, கடைசியில் மிஞ்சினது டப்பு வரைக்கும் எட்டாது என்று தெரிந்தபோது தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஆனாலும் விடவில்லை. மிஞ்சினதைக் கட்டி, தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கப் பார்த்தார். "கரை!" என்று மாமனார் விசில் ஊதினார்.

இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தால் சீட் பழையபடி அவருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். மாமனார் கணக்கு அப்படித்தான் போகும், மாப்பிள்ளை ஆயிற்றே. அவசரத்தில் நானும் ஓங்கி வீசினேன். நானும் கூடு கட்டினேன்.

"பாத்தியா! பாத்தியா!" என்று வீச்சு மன்னர் குதித்தார்.

கட்டைவிரலால் உருளையை நன்றாக அமுக்கிப் பிடித்து, கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றி, விரலை எடுத்து நரம்பை உருவினேன். கூடு வழுக்கிக்கொண்டு பிரிந்தது. அவர் "பாத்தியா" சொல்லி முடிப்பதற்குள் நான் மறுபடி சுற்றிவிட்டேன்.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்து விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரே ஒரு வீச்சுக்குத்தான் நேரம். காற்று நேராக முகத்தில் அடித்தது. கம்பைத் தூக்கும்போது ஓரக்கண்ணில் என் வீட்டுக்காரர் தெரிந்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வலது கால் கரைச் சேற்றில் கணுக்கால் வரை அமுங்கியிருந்தது.

பிரேக்! எதிர்க்காற்றில் பிரேக்கைக் கூட்ட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திருகை ஒரு புள்ளி கூட்டினேன். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, காற்றுக்கு அடியில் தாழ்வாகத் தள்ளினேன். கட்டைவிரலுக்குக் கீழே உருளை ஓடுவது பட்டுத்துணி மிஷினில் ஓடுகிற மாதிரி இருந்தது. டப்பின் மேல் குண்டு வந்ததும் அழுத்தினேன்.

டொம்.

அதோடு விசில். மாமனார் வழக்கத்தைவிட நீளமாக ஊதினார்.

என் வீட்டுக்காரர் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. வீச்சு மன்னர், "காத்து, மாமா, காத்து!" என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். சாக்குக்கட்டி மாவாகக் கிடந்தது. கடைசி வீச்சில் அமுக்கியிருக்கிறேன் போலிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

படகில் ஏறப் போனபோது நாத்தனார் கையைப் பிடித்து நிறுத்தினார். வாழ்த்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன்டி, நாலு வருஷமா ஞாயித்துக்கெழமைதான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சு. இப்ப இந்த மனுஷன என் பக்கத்துல உக்கார வெச்சிட்டியே!"

"மன்னிச்சுக்கோங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு ஒரே தாவலில் படகில் ஏறினேன். மாமனாருக்கு மனது மாறிவிட்டால் என்ன செய்வது?

விசில் ஊதியது. படகு நகர்ந்தது. முன் சீட் பலகை வெயிலில் சூடாக இருந்தது. அந்தச் சூடுகூட எனக்குப் பிடித்திருந்தது. கரை சின்னதாகிக்கொண்டே போனது. மரத்தடியில் வீச்சு மன்னர் கைகாலை வீசி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் தலைவரைக்கும் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

இன்னும் நடுத்தண்ணீருக்குப் போகவில்லை, எனக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். அப்புறம் விசில், மெதுவாக ஒரே தடவை. என் தோளுக்குப் பக்கத்தில் மாமனாரின் ரீல் நீண்டது.

என் கை எழுந்தது. பழக்கம்! பாதி வழியில் அதை நான் பிடித்து நிறுத்தினேன். வாயால் சொல்லவும் பயம், மாமனார் ஆயிற்றே. எதுவும் தெரியாதவள் மாதிரி தண்ணீரைப் பார்த்தேன். துடுப்புச் சத்தம் நின்றது. ரீல் கொஞ்ச நேரம் அங்கேயே காத்திருந்துவிட்டுப் பின்வாங்கியது. அடுத்து, ரயில் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கரையை நோக்கி ஒரு விசில்.

"மாப்பிள்ளை! கூடு!"

மரத்தடியில் வீச்சு மன்னர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்தார். மெத்தை விற்கிற குரல் அது, தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"உங்க கூடு, உங்க கை மாமா!"

என் வீட்டுக்காரர் துடுப்பின் மேல் கவிழ்ந்துவிட்டார். அவர் குலுங்கின குலுங்கலில் படகே ஆடியது. பின்னால் மாமனார் விசிலை வாயிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா... இதுல மொதல்ல எங்க புடிக்கணும்?"

"இழுக்காதீங்க மாமா. கட்டைவிரலால அமுக்கிப் புடிங்க, அப்புறம் கைப்பிடிய ரெண்டு சுத்து சுத்துங்க," என்றேன்.

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன். எனக்கு முன்னால் ஏரி முழுசாகக் கிடந்தது. கம்பைத் தூக்கினேன்.